திருமுருகன் நாடக ரசிகர் குழு நடத்துகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

இலங்கையின் வடக்கே, வன்னியில் ‘மெட்டி ஒலி’ என்று பேச்செடுத்தால் கதை நீண்டுகொண்டே போகும். யுத்த நிறுத்த உடன்படிக்கை வந்த அதே 2002ஆம் ஆண்டில்தான் சன் டிவியில் திருமுருகன் இயக்கிய அந்த நாடகம் தொடங்கியது. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் அப்போது கம்பி வழிக் கரண்ட் இல்லை. டிவி பார்ப்பதென்றால் ஜெனரேட்டர் வேண்டும், இல்லாவிட்டால் பற்றரி வேண்டும். பிறகு 2020 ஊரடங்கில் சன் டிவி அதை மறுபடி போட்டபோது, முதல் ஒளிபரப்பின் நாளில் பிறந்திராத பிள்ளைகளும் உட்கார்ந்து பார்த்தார்கள். இயக்குநர் திருமுருகனின் நாடகங்களைப் பற்றிக் கதைக்க வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ குழு தொடங்கினால், துணுக்காயில் இருக்கும் தங்கச்சியும் டொரன்டோவில் இருக்கும் பெரியம்மாவும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துவிடுவார்கள். நல்ல விஷயம். ஆனால் இப்படிப்பட்ட குழுக்கள் சில மாதங்களிலேயே உடைந்துபோவதும் உண்டு. பெரும்பாலும் தவிர்த்திருக்கக்கூடிய காரணங்கள்தான்.

முதல் தவறு, கேட்காமல் ஆட்களைச் சேர்ப்பது. சாதாரண வாட்ஸ்அப் குழுவில் ஒருவரைச் சேர்த்தவுடன் அவருடைய போன் நம்பர் அங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒரு குழுவில் 1024 பேர் வரை இருக்கலாம். அதில் முகம் தெரியாதவர்கள் எத்தனை பேர் என்று யோசியுங்கள். தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிற மண் இது. மாலையில் நாடகத்தைப் பற்றி ஒரு வரி எழுதிய அக்காவுக்கு இரவு பதினொரு மணிக்கு ‘ஹாய்’ என்று தெரியாத நம்பரிலிருந்து மெசேஜ் வரும். இரண்டாம் நாள் கோல் வரும். மூன்றாம் நாள் அவர் சத்தமில்லாமல் குழுவை விட்டுப் போய்விடுவார். ஏன் போனார் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இதற்கு வழி இருக்கிறது. டெலிகிராமில் பிரைவசி பகுதிக்குப் போய், போன் நம்பரை யார் பார்க்கலாம் என்ற இடத்தில் ‘யாரும் வேண்டாம்’ என்று வைத்துவிட்டால் பெயர் மட்டும்தான் தெரியும். வாட்ஸ்அப்பே போதும் என்றால், முதலில் லிங்க் அனுப்பி, விருப்பமானவர் தானாக வந்து சேரட்டும். நம்பர் எல்லோருக்கும் தெரியும் என்பதையும் முதலே சொல்லிவிடுங்கள். அட்மின்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இரவுக் கோல் வருவதை ஒரு பெண் முன்பின் தெரியாத அண்ணா ஒருவரிடம் சொல்வது லேசான காரியமில்லை.

அடுத்தது, எழுதியவரின் வீட்டுக் கதையைக் கிளறுவது. ‘மெட்டி ஒலி’ சிதம்பரத்தையும் அவருடைய ஐந்து பெண்பிள்ளைகளையும் பற்றிய கதை. அதில் சரோ புருஷன் வீட்டில் படுகிற பாட்டைப் பார்த்துக் கண்ணீர் விடாதவர்கள் குறைவு. ஒருவர் குழுவில், ‘சரோ பட்டது எனக்கு நல்லா விளங்கும்’ என்று எழுதுகிறார் என்று வையுங்கள். உடனே, ‘ஏன் அக்கா, வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?’ என்று ஒருவர் பகிடியாகக் கேட்பார். இன்னொருவர் சிரிக்கிற ஸ்டிக்கர் போடுவார். யாரோ ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுப்பார். விசுவமடுவில் எழுதினது விடியமுன் புதுக்குடியிருப்பில் அவருடைய மாமியார் காதுக்குப் போய்விடும். அதன் பிறகு அந்த வீட்டில் நடப்பதற்கு யார் பொறுப்பு? ஸ்கிரீன்ஷாட் வெளியே போகக்கூடாது என்பதைக் குழுவின் முதல் விதியாக வையுங்கள். மீறினவரை, சொந்தக்காரர் என்றாலும், நீக்குங்கள். உண்மையிலேயே உதவி தேவைப்படுகிறது என்று தெரிந்தால், பெண் அட்மின் தனியாகக் கதைத்து, பெண்களுக்கான 1938 என்ற அரச உதவி எண்ணைச் சொல்லலாம். குழுவுக்குள் பஞ்சாயத்து வைக்கவேண்டாம்.

நடிப்பையும் ஆளையும் குழப்புவதும் இதோடு சேர்ந்ததுதான். சரோவின் புருஷன் மாணிக்கமாக நடித்த சேத்தனின் படத்தைப் போட்டு இன்றைக்கும் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு வெறுப்பு வரும்படி நடித்தார் என்றால் அது அவருடைய கெட்டித்தனம். கோபம் மாணிக்கத்தோடு நிற்கட்டும்.

முடிவை உடைத்துச் சொல்வதைப் பலர் தவறாகவே நினைப்பதில்லை. ‘இருபது வருஷத்துக்கு முந்தின நாடகம்தானே, இதில் என்ன ரகசியம்?’ என்பார்கள். எண்ணூறு அத்தியாயங்களுக்கு மேல் போன நாடகம் அது. இன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கத் தொடங்கியவர் நூறாவதில் நிற்கலாம். அதைவிட, அந்த நாளில் பார்த்தவர்களுக்கே முழுக்கதை தெரியாது. ஜெனரேட்டருக்கு எண்ணெய் இல்லாத இரவுகள் எத்தனை! இடையில் விட்டுப்போன பகுதியை இப்போதுதான் பிடிக்கிறார்கள். அவர்களைப் பார்த்து ‘இதுகூடத் தெரியாதா?’ என்று நக்கலடிப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத விஷயம். எத்தனையாவது அத்தியாயம் என்பதை மெசேஜின் முதல் வரியில் எழுதுங்கள். டெலிகிராமில் எழுத்தை மறைத்து வைக்கும் வசதியும் இருக்கிறது, தொட்டால்தான் தெரியும்.

சரி, தகவல் பிழைகளுக்கு வருவோம். ஆயிரமாவது அத்தியாயத்தை நேரலையாக, வெட்டில்லாமல் ஒரே காட்சியாகக் கொடுத்தது ‘மெட்டி ஒலி’ இல்லை, திருமுருகனின் இன்னொரு நாடகமான ‘நாதஸ்வரம்’. அது 2014இல். இரண்டிலும் திருமுருகன் கோபி என்ற பெயரில் நடித்ததால் பலர் இரண்டு கோபியையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். ஆளும் வேறு, வீடும் வேறு. இன்னொன்று, எல்லாப் புகழையும் இயக்குநர் ஒருவருக்கே கொடுத்துவிடுவது. ‘மெட்டி ஒலி’யின் வசனத்தில் எழுத்தாளர் பாஸ்கர் சக்தியின் கை இருக்கிறது. அந்தத் தலைப்புப் பாட்டின் இசை தினாவுடையது. திருமுருகனை உண்மையாக ரசிப்பவர்கள் அவரோடு வேலை செய்தவர்களின் பெயரையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். மரணச் செய்திகளில் இன்னும் கவனம் வேண்டும். ‘மெட்டி ஒலி’யில் ஐந்து பெண்பிள்ளைகளில் ஒருத்தியான விஜியாக நடித்த உமா மகேஸ்வரி 2021இல் காலமானது உண்மை. அதற்காக, யூடியூப்பில் மாலை போட்ட படத்தோடு வருகிற ஒவ்வொன்றையும் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று தட்டிவிடாதீர்கள். நாளிதழ்களில் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் போடுங்கள்.

முழு அத்தியாயத்தை வீடியோவாகக் குழுவில் கொட்டுவதும் வேண்டாம். டேட்டா அளந்து போடுகிறவர்களுக்கு அது செலவு. நாடகத்தின் உரிமைக்காரருக்கும் அநியாயம்.

கடைசியாகக் காசு விஷயம். நடிகர் பெயரில், நடிகையின் படத்தோடு, ‘உங்கள் குழுவைப் பார்த்தேன், மிக்க மகிழ்ச்சி’ என்று ஒரு கணக்கு வரும். எல்லோரும் துள்ளுவார்கள். பிறகு ஒருநாள் வைத்தியச் செலவு என்று காசு கேட்கும். வெளிநாட்டில் இருப்பவர்கள்தான் இதில் முதலில் மாட்டுவார்கள், கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர்கள். காசு கேட்கிற மெசேஜ் யார் பெயரில் வந்தாலும் அட்மின் உடனே அழித்து, அந்த நம்பரையும் நீக்கி, ஏன் நீக்கினோம் என்று குழுவில் ஒரு வரி எழுதிவிடவேண்டும். சொல்லாமல் நீக்கினால், அதே ஆள் வேறு நம்பரில் வந்து ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்பான்.