தேயிலை மலையில இருந்துகிட்டே சுற்றாடல் முகாமைத்துவத்துல மாஸ்டர்ஸ் முடிக்கிறது எப்படி

போன கிழமை ஹட்டன் பஸ்ஸுல பக்கத்து டிவிசன் தங்கச்சி ஒருத்தி கேட்டா, "அண்ணே, டிகிரி முடிச்சிட்டு ஸ்கூல்ல படிப்பிச்சிகிட்டு இருக்கேன், சுற்றாடல் பக்கம் மாஸ்டர்ஸ் செய்ய ஆசை, கொழும்புல போயி தங்கி படிக்க வீட்டுல வசதி பத்தாது, தொலைக்கல்வியில செஞ்சா சரி வருமா"ன்னு. ரெண்டு பக்கமும் கொழுந்து சாக்கு மாதிரி ஆள் நெருக்குற பஸ்ஸுல நின்னுகிட்டு சொல்லக்கூடிய விசயமா அது. நான் வேலையில இருந்துகிட்டே மூணு வருசம் இழுத்து முடிச்ச ஆளு, அதனால எனக்கு தெரிஞ்சத அவளுக்கு சொல்ற மாதிரியே இங்க எழுதுறேன், நீளமா போனா மன்னிக்கணும்.

மொதல்ல ஒரு குழப்பத்த தீத்துக்குவோம். சுற்றாடல் விஞ்ஞானம் வேற, சுற்றாடல் முகாமைத்துவம் வேற. முன்னதுல லேப் உண்டு, தண்ணிய மண்ண அளந்து பாக்குறது. பின்னதுல அந்த அளவ வச்சிகிட்டு யாரு என்ன முடிவெடுக்குறாங்க, எந்த சட்டத்துல எடுக்குறாங்க, செலவு யாரு தலையில விழுது, இதுதான் பாடம். சுற்றாடல் சட்டம், சுற்றாடல் பொருளியல், தாக்க மதிப்பீடு (ஒரு திட்டத்தால சுற்றாடலுக்கு என்ன பாதிப்பு வரும்னு முன்கூட்டியே பாக்குறது), கழிவு முகாமைத்துவம், ஐஎஸ்ஓ 14001 மாதிரி சுற்றாடல் முகாமைத்துவ தர முறைமைகள், ஆய்வு முறை, கடைசியில ஒரு ஆய்வுக் கட்டுரை, பெரும்பாலும் இப்படித்தான் வரும். லேப் இல்லாததால தொலைக்கல்விக்கு முகாமைத்துவம்தான் தோதுன்னு நான் நெனைக்கிறேன். லேப்ல நிக்கத்தான் ஆசைன்னா பேராதனை விஞ்ஞான பட்டப்பின் படிப்பு நிறுவகத்த பாருங்க, அது தொலைக்கல்வி இல்ல, ஆனா கம்பளை நாவலப்பிட்டி பக்கம் இருக்கிறவங்களுக்கு போயிட்டு வாற தூரந்தான்.

எங்க படிக்கிறது? உள்ளூர்ல மொதல்ல பாக்க வேண்டியது இலங்கை திறந்த பல்கலைக்கழகம். 1980ல தொடங்கினது, தலைமையகம் நாவலையில, நமக்கு கிட்டன்னா பொல்கொல்லையில கண்டி பிராந்திய நிலையம், அதவிட கிட்டன்னா ஹட்டன்லயும் பண்டாரவளையிலயும் கற்கை நிலையம். பட்டப்பின் படிப்புக்கு அந்த வருசம் எந்த பாடத்துக்கு விண்ணப்பம் கோருறாங்கன்னு நேரா போயி கேளுங்க, அப்படியே பரீட்சைக்கு நாவலைக்கு வரணுமா இங்கயே எழுதலாமான்னும் கேளுங்க, மூணு மணி நேர பேப்பருக்கு மொத நாளே கொழும்புக்கு எறங்கி லொட்ஜ் போடுற செலவு யாரு கணக்குலயும் வராது. வெளிநாடுன்னா இங்கிலாந்து திறந்த பல்கலைக்கழகம் மாதிரி பழைய இடங்கள் இருக்கு, 1969ல ஆரம்பிச்சது, தொலைக்கல்விதான் அவங்க தொழிலே. வழக்கமான கேம்பஸ் ஒன்னு பக்கத்துல சைடா நடத்துற ஒன்லைன் கோர்ஸ விட இப்படி தொலைக்கல்விக்குன்னே உருவான இடத்துல பாடப்புத்தகம் நல்லா இருக்கும், தனியா உக்காந்து படிக்கிறவனுக்குன்னே எழுதியிருப்பாங்க.

காசு கட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு விசயம் பாத்தே ஆகணும். ஒன்னு, அந்த பல்கலைக்கழகத்த நம்ம யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, ஏத்துக்குதா. வெளிநாட்டு பல்கலைக்கழகம்னா கொமன்வெல்த் பல்கலைக்கழக சங்கத்தோட பட்டியல்லயோ சர்வதேச பல்கலைக்கழக சங்கத்தோட பட்டியல்லயோ பேரு இருக்கணும். ரெண்டாவது, படிப்புகள மட்டம் மட்டமா தரம் பிரிக்கிற இலங்கை தகைமைச் சட்டகத்துல அது எத்தனையாவது மட்டம். எட்டுன்னா பட்டப்பின் டிப்ளோமா, ஒன்பதுன்னா பாடம் மட்டும் உள்ள மாஸ்டர்ஸ், கொறஞ்சது 30 கிரெடிட். பத்துன்னா ஆய்வோட சேந்த மாஸ்டர்ஸ், 60 கிரெடிட். பின்னாடி பிஎச்டி பக்கம் போற எண்ணம் கொஞ்சமாவது இருந்தா ஆய்வு உள்ளதையே எடுங்க. காசு கட்டுறதுக்கு முன்னாடி பட்டியல பாக்க சொல்லி நான் ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, நான் மொதல்ல பதிஞ்சது வேற ஒரு கோர்ஸ். கொழும்புல ஒரு ஏஜென்ட், கண்ணாடி கதவு, ஏசி, செவுத்துல பிரேம் போட்ட சேட்டிபிக்கட், "எல்லாம் யூஜிசி அப்ரூவ்ட் சேர்"னான், நானும் நம்பி பதிவுக் காச கட்டிட்டு வந்து ஒரு மாசம் கழிச்சி பட்டியல்ல தேடுறேன், பேரே இல்ல. காசு போனது போனதுதான். பத்து நிமிசம் தேடியிருந்தா மிஞ்சியிருக்கும்.

சல்லி விசயத்துல என் அனுபவத்த கேளுங்க. நான் படிச்சது வெளிநாட்டு கோர்ஸ், கட்டணம் பவுண்ல. 2022ல டொலர் 200 ரூபாயில இருந்து 360 தாண்டினிச்சே, பவுணும் கூடவே ஏறிச்சி, அந்த வருசம் கட்ட வேண்டியதுக்கு அம்மாவோட சங்கிலி அடகுக்கு போச்சி. அன்னைக்கு தப்பிச்சது ஒரே காரணத்தால, மொத்தமா சேராம பாடம் பாடமா பதிஞ்சி கட்டுற முறைய எடுத்திருந்தேன், ஒரு பாடத்த அடுத்த தவணைக்கு தள்ளிப் போட முடிஞ்சிச்சி. அதனால எந்த கோர்ஸ்னாலும் பாடத்துக்கு தனித்தனியா கட்டலாமா, நடுவுல நிறுத்தி வைக்கலாமா, நிறுத்தினா எத்தன வருசத்துக்குள்ள முடிக்கணும், இந்த மூணையும் ஈமெயில்ல கேட்டு பதில சேமிச்சி வைங்க. ஃபோன்ல சொன்னது பேச்சோட போயிரும். ஸ்கொலர்ஷிப்னா கொமன்வெல்த் தொலைக்கல்வி புலமைப்பரிசில்னு ஒன்னு இருக்கு, இங்கிலாந்து பல்கலைக்கழகத்துல சொந்த நாட்டுல இருந்துகிட்டே மாஸ்டர்ஸ் படிக்க கட்டணத்த அவங்களே குடுக்குறது. எல்லா கோர்ஸுக்கும் இல்ல, அந்த வருசத்து பட்டியல்ல உள்ளதுக்கு மட்டுந்தான், அதனால கோர்ஸ தெரிஞ்சிட்டு ஸ்கொலர்ஷிப் தேடாம பட்டியல பாத்துட்டு கோர்ஸ தேடுங்க. எனக்கு இது தெரிய வந்தப்ப ரெண்டாவது வருசம் பாதி போயிருச்சி.

நேரக் கணக்கு. இங்கிலாந்து மாஸ்டர்ஸ்னா 180 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 10 மணித்தியாலம், மொத்தம் 1800. மூணு வருசம், வருசத்துக்கு 48 கிழமைன்னு பிரிச்சா கிழமைக்கு பன்னெண்டரை மணித்தியாலம். நம்ம ஊர் கணக்குல ஒரு கிரெடிட் 50 மணித்தியாலம், 30 கிரெடிட்னா 1500, அதனால இங்க கிரெடிட் எண்ணிக்கை சின்னதா இருக்கேன்னு லேசா நெனைச்சிறாதீங்க. பன்னெண்டரைன்னா சனி ஞாயித்துல மட்டும் முடியாது, கல்யாணம், கருமாதி, கோயில் திருவிழான்னு சனி ஞாயிறு நம்மளுக்கு சொந்தமே இல்ல. நான் விடிய நாலு மணிக்கு எந்திரிச்சேன், அம்மா பெரட்டுக்கு, அதாவது காலையில வேலைக்கு பேர் குடுக்க, கெளம்ப அடுப்பு பத்த வைக்கிற நேரம், வீடுங்க வரிசையா ஒட்டி இருக்கிற நம்ம லயத்துல அந்த ஒன்றரை மணி நேரந்தான் பக்கத்து காம்பராவுல டீவி ஓடாது. சிக்னல் எங்க வீட்டுல ஒரு கோடுதான் வரும், வீடியோ லெக்சர் எல்லாம் டவுனுக்கு போற அன்னைக்கு இறக்கி பென் ட்ரைவ்ல போட்டுக்குவேன், பிடிஎஃப் எல்லாத்தையும் ஃபோன்லயும் ஒரு கொப்பி. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட் வந்தப்போ ஒரு அசைன்மென்ட கடைசி ராத்திரிக்கு வச்சிருந்து மாட்டிகிட்டேன், நீட்டிப்பு கேட்டு எழுதினதுக்கு உடனே குடுத்தாங்க, ஆனா கடைசி தேதிக்கு முன்னாடி கேட்டதாலதான் குடுத்தாங்க.

இங்கிலீஷ் பயம் நெறைய பேருக்கு இருக்கு, எனக்கும் இருந்திச்சி. அழகா எழுத வேண்டாம், சின்ன சின்ன வசனமா எழுதினா போதும். பயப்பட வேண்டியது கொப்பி அடிக்கிறதுக்குத்தான், எங்க இருந்து எடுத்தீங்கன்னு சொல்லாம ஒரு பந்தி வந்தாலே கொப்பி கண்டுபிடிக்கிற டேர்னிட்டின் சொப்ட்வெயார் காட்டிக் குடுத்துரும். சொட்டேரோன்னு இலவச சொப்ட்வெயார் ஒன்னு இருக்கு, மொத நாள்ல இருந்தே வாசிக்கிற எல்லாத்தையும் அதுல போட்டு வைங்க, உசாத்துணை எழுதுற தலவலி பாதி கொறையும். வாசிச்சதும் புத்தகத்த மூடி வச்சிட்டு தமிழ்ல ரெண்டு வரி எழுதி பாருங்க, எழுத வரலேன்னா வெளங்கலேன்னு அர்த்தம், திரும்ப வாசிங்க.

இனி நான் சொல்ல வந்த முக்கிய விசயம். கொழும்புல இருந்து படிக்கிறவனுக்கு இல்லாத ஒன்னு நம்மகிட்ட இருக்கு, பாடத்துல வாற அத்தனையும் நம்ம லயத்து வாசல்ல கெடக்கு. எனக்கு இது மண்ணரிப்பு பாடம் படிக்கிறப்பதான் ஒறைச்சிச்சி. புத்தகத்துல படம் போட்டு, சரிவுல வாற தண்ணிய குறுக்க மறிச்சி, வண்டல தேக்கி, மிச்சத்த வழிய விடுறதுன்னு ரெண்டு பக்கத்துக்கு இருக்கு, எனக்கு மண்டையில ஏறவே இல்ல. அப்பா இருபது வருசமா தோட்டத்துல கான், அதான் மழைத்தண்ணி ஓடுற வடிகால், வெட்டினவரு, படத்த காட்டினேன், பாத்துட்டு "இது நம்ம கான்ல வைக்கிற குழிதானடா"ன்னாரு. மறுநாள் மழை விட்டதும் மலைக்கு கூட்டிட்டு போயி காட்டினாரு, கானுக்குள்ள அடிக்கு அடி சின்ன அணை, அணைக்கு பின்னாடி குழி, செந்தண்ணி வந்து விழுந்து நின்னு மண்ண கீழ விட்டுட்டு மேல உள்ளது மட்டும் வழிஞ்சி அடுத்த குழிக்கு போகுது. கடைசி குழிக்கு போறப்ப தண்ணி சாயத்தண்ணி நெறம் மாறி தெளிஞ்சிருச்சி. குழிய அள்ளாம விட்டா மூணு மழையில நெறஞ்சிரும், அள்ள ஆள் போடுறத தோட்டம் கொறைச்சா அப்பறம் கான் இருந்தும் இல்லாத மாதிரிதான்னாரு. அந்த கடைசி வசனத்தையே வச்சி, பராமரிப்பு செலவ வெட்டினா என்னாகும்னு அசைன்மென்ட் எழுதினேன், அந்த கோர்ஸுலயே எனக்கு கெடைச்ச கூடின புள்ளி அதுக்குத்தான்.

அதனால எந்த அசைன்மென்ட்டுக்கும் உதாரணம் தேடி ஐரோப்பாவுக்கு போகாதீங்க. தாக்க மதிப்பீடு பாடமா, மேல் கொத்மலை நீர்மின் திட்டம் இருக்கு, 150 மெகாவாட், 2012ல தொறந்தது, சென்கிளேயர் நீர்வீழ்ச்சிக்கு என்னாகும்னு எவ்வளவு சண்டை, மத்திய சுற்றாடல் அதிகாரசபை மொதல்ல அனுமதி மறுத்து, மேன்முறையீட்டுல நிபந்தனையோட கெடைச்சது. கூடவே 1980ம் வருச 47ம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தையும், தாக்க மதிப்பீட்ட கொண்டு வந்த 1988 திருத்தத்தையும் உக்காந்து வாசிங்க, மூலத்தையே வாசிங்க. கொள்கை பாடமா, 2021ல ரசாயன உரத்த தடை செஞ்சி அதே வருசம் நவம்பர்ல பின்வாங்கினது இருக்கு, 2015ல கிளைபோசேட் களைகொல்லிக்கு போட்ட தடையும் 2018ல தேயிலைக்கு தளர்த்தினதும் இருக்கு, தடை இருந்த காலத்துல புல்லு வெட்டினவங்க நம்ம ஆளுங்கதான். அனர்த்தம்னா 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தை மண்சரிவு. ஆபத்தான எடம்னு முன்கூட்டியே சொல்லப்பட்டும் சனங்க அதே லயத்துல ஏன் இருந்தாங்கங்கிற கேள்விக்கு, மாத்து வீடு, காணி உரித்து இல்லாத வாழ்க்கைன்னு பதில் எங்க போகும்னு மலையகத்துல பொறந்தவனுக்கு சொல்லித்தர வேண்டியதில்ல. எழுதுறப்போ கோவத்த கொஞ்சம் ஓரமா வச்சிட்டு ஆதாரத்த முன்னால வைங்க, எனக்கு மொத தடவ "உணர்ச்சி அதிகம்"னு சிவப்புல எழுதி வந்திச்சி.

மேப் போடுறதுக்கு கியூஜிஐஎஸ் இலவசம், சென்டினல் 2 செட்டலைட் படமும் இலவசம், ஒரு பிக்சல் 10 மீட்டர், லயத்துல ஒரு வீட்டு கூரை அதுக்குள்ளயே அடங்கிரும், அதனால வீடு எண்ணலாம்னு கனவு காணாதீங்க, காடு தேயிலை மரக்கறி தோட்டம் பிரிக்க போதும். அஞ்சி நாளைக்கு ஒரு படம்னு சொல்லுவாங்க, நம்ம பக்கம் பாதிக்கு மேல மேகந்தான் தெரியும். ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் உள்ளதுல தேடுங்க.

ஆய்வுக் கட்டுரைக்கு நான் எடுத்தது பீலித் தண்ணி, லயத்து சனங்க கொடத்துல புடிக்கிற ஊத்துத் தண்ணி. எட்டு பீலி, லேப் பேராதனை பக்கம். நுண்ணுயிர் பாக்குறதுக்கு எடுத்த தண்ணிய கிருமி நீக்கின போத்தல்ல எடுத்து குளிரா வச்சி 24 மணித்தியாலத்துக்குள்ள லேப்புக்கு சேக்கணும். மீன்காரர்கிட்ட ஐஸ் கட்டி வாங்கி ரெஜிபோம் பெட்டியில அடுக்கி, மடியில வச்சிகிட்டு பஸ் ஏறினேன், பக்கத்துல உள்ளவரு "தம்பி மீனு நாறுது"ங்கிறாரு. கினிகத்தேனைகிட்ட மண்ணு சரிஞ்சி ரோட்டு மூடிருச்சி, ராத்திரி பஸ்ஸுலயே, மறுநாள் மத்தியானம் லேப்புக்கு போனா நேரம் தாண்டிருச்சின்னு வாங்கவே இல்ல. எட்டு போத்தலையும் அங்கயே ஊத்திட்டு வந்தேன். அதுக்கப்பறம் மழைக்காலத்துல தண்ணி எடுக்கணும்னா மொத நாள் கம்பளையில சொந்தக்காரங்க வீட்டுல தங்குற மாதிரி திட்டம் போட்டேன். உங்க ஆய்வுல இப்படி ஒரு தடவையாவது வீணா போகும்னு நாள்கணக்குல ரெண்டு மாசம் கூட்டியே போடுங்க.

ஆளுங்ககிட்ட கேள்வி கேக்குற ஆய்வுன்னா இன்னும் கவனம். கேம்பஸ்ல ஒழுக்கநெறி அனுமதி எடுக்காம ஒருத்தர்கிட்டயும் கேக்கக்கூடாது, தோட்டத்துல துரைகிட்ட, அதாவது மேனேஜர்கிட்ட, கடிதமும் வேணும், ரெண்டு கொப்பி அடிச்சி ஒன்னுல சீல் வாங்கி கையில வச்சிக்குங்க. சம்மதப் படிவத்த தமிழ்ல எழுதி வாசிச்சி காட்டுங்க, வேணாம்னு சொன்னா வேலைக்கு ஒரு பாதிப்பும் வராதுங்கிறத அதுல மொத வரியா போடுங்க. அப்பறம் எங்க வச்சி கேக்குறீங்கங்கிறது பெரிய விசயம். நான் மொதல்ல பெரட்டுக்களத்துல கங்காணி நிக்கிறப்ப கேட்டேன், பதினாலு பேரும் "தண்ணிக்கு ஒரு கொறையும் இல்ல தம்பி"ன்னாங்க. அதே அக்காமாருகிட்ட சாயங்காலம் பீலிக்கரையில கொடத்த வச்சிகிட்டு நிக்கிறப்ப கேட்டேன், மேல மலைக்கு மருந்தடிக்கிற அன்னைக்கு தண்ணி புடிக்கிறதில்ல, புள்ளைகளுக்கு வயித்தால போச்சின்னு ஒரு மணி நேரம் பேசினாங்க. மொத பதினாலு படிவத்தையும் ஒதுக்கி வச்சிட்டு, ஏன் ஒதுக்கினேன்னு ஆய்வு முறை அத்தியாயத்துல ஒரு பந்தி எழுதினேன், மேற்பார்வையாளருக்கு அது ரொம்ப புடிச்சிருந்திச்சி.

எல்லாம் முடிஞ்சதும் பைண்ட் பண்ண கொப்பி ஒன்ன தோட்ட ஆபீஸுக்கு குடுங்க, முடிவ ரெண்டு பக்கத்துல தமிழ்ல சுருக்கி பீலிக்கரை அக்காமாருக்கும் குடுங்க. நான் ஆபீஸுக்கு குடுக்காம விட்டுட்டேன், ரெண்டு வருசம் கழிச்சி வேற ஒரு தம்பி அனுமதி கேட்டு போனப்ப "முந்தி ஒருத்தர் வந்து எல்லாம் எழுதிகிட்டு போனாரு, திரும்பியே பாக்கல"ன்னு திருப்பி அனுப்பியிருக்காங்க, அவன் எனக்கு ஃபோன் போட்டு ஏசினான், மறுநாளே கொப்பிய எடுத்துகிட்டு போனேன்.