ஹீட்டர் தொட்டி ஏன் சீக்கிரம் ஓட்டையாகிறது? தண்ணீர் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளியலறை ஃபால்ஸ் சீலிங்கில் பழுப்புக் கறை படரும்போதுதான், அதற்கு மேலே ஒரு ஸ்டோரேஜ் ஹீட்டர் இருக்கும் நினைவே பலருக்கு வருகிறது. அதற்குள் தொட்டியின் ஆயுள் முடிந்திருக்கும். கசியும் தொட்டியை ஒட்ட முடியாது. எபாக்சி பூசினாலும் உள்ளே இருக்கும் அழுத்தம் அதைப் பெயர்த்துவிடும். புதியதுதான் வாங்க வேண்டும். அந்தத் தொட்டியைக் காப்பாற்றியிருக்கக்கூடியது, அதற்குள் விரல் தடிமனில் இருக்கும் ஓர் உலோகக் காப்புக் குச்சி.

முதலில், இணையத்தில் படித்துவிட்டுச் செய்யும் தவறு. ஹீட்டருக்கான தண்ணீர்ப் பராமரிப்பு என்று தேடினால் பிரிட்டன் போன்ற குளிர்நாடுகளில் வீடு முழுவதையும் சூடாக்கும் அமைப்பைப் பற்றிய குறிப்புகள்தான் குவிகின்றன. அங்கே பாய்லரிலிருந்து ரேடியேட்டர்களுக்குப் போகும் தண்ணீர் சுற்றிக்கொண்டு அதே பாய்லருக்குத் திரும்புகிறது. அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் இரும்போடு சேர்ந்து தீர்ந்ததும் துருப்பிடிப்பது மந்தமாகும். மிச்சத்தை அடக்கத் துருத்தடுப்புத் திரவம் ஊற்றுவார்கள், கறுப்புச் சேற்றைப் பிடிக்கக் காந்த வடிகட்டி மாட்டுவார்கள். அந்தத் தண்ணீரில் யாரும் குளிப்பதில்லை.

நம் வீட்டு ஹீட்டரில் நடப்பது நேர்மாறு. ஒவ்வொரு குளியலுக்கும் புதுத் தண்ணீர், அதோடு புது ஆக்சிஜன். இதில் அந்தத் திரவத்தை ஊற்றினால் அடுத்த குளியலில் அது உங்கள் தலையில்தான் விழும், தொட்டிக்கு எந்தப் பயனும் இல்லை. தப்பித்தவறிக்கூட ஊற்றாதீர்கள்.

மென்னீராக்கும் கருவியும் இங்கே சிங்கப்பூரில் பெரும்பாலும் வீண் செலவு. ஊரில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் காய்ச்சிய பாத்திரங்களில் உப்பு அடை அடையாகப் படிவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் இருக்கும், நியாயம்தான். ஆனால் நீர்ப்பிடிப்புப் பகுதி, மலேசியாவின் ஜொகூர் மாநிலம், புதுநீர் எனப்படும் மறுசுத்திகரித்த நீர், கடல்நீர் சுத்திகரிப்பு ஆகிய நான்கு வழிகளில் கிடைத்து, பொதுப் பயனீட்டுக் கழகம் வழங்கும் தண்ணீர் மென்மையானது. சந்தேகமென்றால் உங்கள் மின்கெட்டிலின் அடியைப் பாருங்கள். பல மாதம் கழுவாமல் இருந்தும் மெல்லிய படலம்தான் இருக்கிறதென்றால், ஹீட்டருக்குச் சுண்ணாம்புப் படிவு பெரிய எதிரி அல்ல. மென்னீராக்கும் கருவி கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைச் சேர்க்கிறது. அந்தத் தண்ணீரில் காப்புக் குச்சி இன்னும் வேகமாகக் கரையும்.

குச்சியை மறப்பது

சிங்கப்பூரில் விற்கும் ஹீட்டர்கள் பலவற்றில் தொட்டி, உட்புறம் எனாமல் பூசிய எஃகு. எனாமலில் ஊசிமுனை அளவு குறைகள் இருக்கவே செய்யும். அந்தத் துளைகளில் எஃகு தண்ணீரைத் தொடும். அங்கே துருப்பிடிக்காமல் இருக்கத்தான் உள்ளே மெக்னீசியக் குச்சி வைத்திருக்கிறார்கள். இரும்பின் மின்னழுத்தம் மைனஸ் 0.44 வோல்ட், மெக்னீசியத்துடையது மைனஸ் 2.37. இரண்டும் ஒரே தண்ணீரில் மின்தொடர்போடு இருந்தால் மெக்னீசியம் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். குச்சி தீர்ந்த நாளிலிருந்து தொட்டி கரையத் தொடங்கும். வெளியில் எந்த அறிகுறியும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல் சூடாகும். அதனால்தான் இது மறந்துபோகிறது.

ஒன்று அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். பல உத்தரவாத அட்டைகளிலும் குச்சியை மாற்றிவர வேண்டும் என்ற நிபந்தனை சிறு எழுத்தில் இருக்கும். மின்பலகையில் ஹீட்டரின் பிரேக்கரை இறக்குங்கள். சுடுநீர்க் குழாயைத் திறந்து, குளிர்ந்த தண்ணீர் வரும்வரை ஓட விடுங்கள். பிறகு ஹீட்டருக்கு வரும் வால்வை மூடுங்கள். சுடுநீர்க் குழாய் திறந்தே இருக்கட்டும், காற்று உள்ளே போனால்தான் தொட்டி வடியும். 30 லிட்டர் தொட்டிக்குப் பத்து லிட்டர் வாளி மூன்று தேவைப்படும். பெரும்பாலான மாடல்களில் குச்சி, சூடேற்றும் சுருள்கம்பி (காயில்) பொருத்திய மூடியிலேயே இருக்கும். மின்கம்பிகளைக் கழற்ற வேண்டியிருப்பதால், அனுபவமில்லாதவர்கள் உரிமம் பெற்றவரைக் கூப்பிடுவதே நல்லது.

குச்சி பாதிக்கு மேல் மெலிந்திருந்தாலோ, நடுவே இருக்கும் கம்பி தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். நீளமும் மரையின் அளவும் மாடலுக்கு மாடல் வேறுபடும்.

இன்னொன்று, பலரும் தவறாகப் புரிந்துகொள்வது. இரண்டு ஆண்டு கழித்தும் குச்சி புத்தம் புதிதாக இருந்தால் மகிழ வேண்டாம். அது வேலையே செய்யவில்லை என்று பொருள். மரை தளர்ந்திருக்கலாம், யாரோ மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றியிருக்கலாம். தொட்டியோடு மின்தொடர்பு இல்லாத குச்சி வெறும் அலங்காரம்.

திறந்த மூடியின் ரப்பர் வளையத்தைத் திரும்பப் போடாதீர்கள், புதியது மாட்டுங்கள். போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். தொட்டியின் உட்புறத்தைக் கம்பி பிரஷால் தேய்க்கவே கூடாது, எனாமல் போய்விடும். கழிவறை கழுவும் ஆசிட்டும் கூடாது. காயிலில் படிவு இருந்தால் அதை மட்டும் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துக் கழுவினால் போதும்.

கடைசியாக ஒரு முக்கியமான கட்டம். தொட்டி முழுதும் நிரம்பி, சுடுநீர்க் குழாயில் காற்றுச் சத்தம் இல்லாமல் தண்ணீர் சீராக வரும்வரை பிரேக்கரை ஏற்றாதீர்கள். தண்ணீர் இல்லாத காயில் சில நிமிடங்களில் எரிந்துவிடும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டிக்கு இதெல்லாம் வேண்டாம் என்பார்கள். அதுவும் முழுமையாகச் சரியில்லை. சூடான தண்ணீரில் உள்ள குளோரைடு அதன் வெல்டிங் இணைப்புகளைக் குழிக்கும். சில மாடல்களில் அதற்கும் காப்புக் குச்சி உண்டு. கையேட்டைப் பாருங்கள்.

செம்புக் குழாயை நேராக எஃகுத் தொட்டியில் மாட்டுவதும் இதே வகைத் தவறு. செம்பின் மின்னழுத்தம் பிளஸ் 0.34 வோல்ட். பக்கத்தில் இருக்கும் இரும்பை அது தின்னும். இடையில் மின்கடத்தா இணைப்பு ஒன்று வேண்டும்.

சொட்டும் வால்வை அடைப்பது

இது தொட்டியின் ஆயுளைவிட உங்கள் உயிர் சம்பந்தப்பட்டது. 30 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடாக்கினால் அது ஏறக்குறைய அரை லிட்டர் விரியும். ஒருவழி வால்வு இருப்பதால் பின்னால் போக முடியாது. அதனால் பாதுகாப்பு வால்வு வழியாகச் சொட்டும். சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டினால் அது பழுது அல்ல. சொட்டுகிறதே என்று அந்தக் குழாயை அடைத்தாலோ, வால்வுக்கும் தொட்டிக்கும் நடுவே இன்னொரு வால்வு போட்டாலோ தொட்டி வெடிகுண்டாகும்.

ஹீட்டர் அணைந்திருக்கும்போதும் இரவு பகலாகச் சொட்டினால் வால்வின் உள்ளே தூசி சிக்கியிருக்கலாம், அல்லது வரும் தண்ணீரின் அழுத்தம் அதிகம். நெம்புகோலைச் சில முறை தூக்கிவிட்டுப் பாருங்கள். நிற்காவிட்டால் பிளம்பரைக் கூப்பிட்டு அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள்.

சூடும் சும்மா கிடப்பதும்

சூட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழை அதிகபட்சத்தில் வைத்தால் உலோகம் கரைவதும் சுண்ணாம்பு படிவதும் வேகமாகும். மிகக் குறைத்தாலும் தவறு. 20 முதல் 45 டிகிரி வரை, நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமிக்கு ஏற்ற சூடு. 60 டிகிரியில் வைத்து, குளிர்நீரைக் கலந்து குளியுங்கள். குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் சூட்டைக் கட்டுப்படுத்தும் கலவைக் குழாய் பொருத்தினால் நிம்மதி.

தண்ணீர் பழுப்பாக வந்தால் வெள்ளை வாளி ஒன்றில் சுடுநீரையும், இன்னொன்றில் குளிர்நீரையும் பிடித்துப் பாருங்கள். சுடுநீர் மட்டும் பழுப்பென்றால் தொட்டியில் கோளாறு. இரண்டுமே பழுப்பென்றால் ஹீட்டரைக் குறை சொல்லாதீர்கள், கோளாறு வீட்டுக்குத் தண்ணீர் வரும் குழாயில். பால்போல வந்து அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் வெறும் காற்றுக் குமிழிகள்.

டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பிரேக்கரை இறக்கி, ஹீட்டருக்கு வரும் வால்வையும் மூடிவிட்டுப் போங்கள். பல வாரம் அசையாத தொட்டியில் மெக்னீசியம் கரைந்து ஹைட்ரஜன் வாயு சேர்ந்திருக்கும், சில சமயம் அழுகிய முட்டை நாற்றமும் வரும். திரும்பி வந்ததும் ஜன்னலைத் திறந்து, அருகில் தீயோ சிகரெட்டோ இல்லாமல் சுடுநீர்க் குழாயைச் சில நிமிடம் ஓட விடுங்கள். காற்றுச் சத்தம் அடங்கிய பிறகு பிரேக்கரை ஏற்றுங்கள்.