மனைவி காலையில் நடக்கப் போகணும்னா அடுப்படியில் யார் நிற்பது? எங்கள் வீட்டுச் செய்முறை

போன ஆகஸ்டில் என் மனைவிக்கு ஹெச்பிஏ1சி, அதாவது கடந்த 2-3 மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, 6.1 வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. "மாத்திரை இப்ப வேண்டாம். 5 கிலோ குறைங்க, தினமும் நடங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றார் டாக்டர். நாங்கள் இருப்பது பெங்களூரு வில்சன் கார்டனில். லால்பாக் நடந்தே போகிற தூரம். காலையில் நடக்க வருபவர்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. 240 ஏக்கர் தோட்டம் வாசலில் இருந்தும் முதல் ஒரு மாதத்தில் அவள் போனது மொத்தம் 4 நாள்.

அந்த மாதத்தில் நான் ஷூ, கைக்கடிகாரம், 2 கிலோ ஓட்ஸ், ஒரு ஜோடி டம்பெல் என்று வாங்கிக்கொண்டே இருந்தேன். அவளுக்கு வேண்டியிருந்தது காலை 6 மணியிலிருந்து 7 மணி வரை. அதைத் தர எனக்கு இன்னும் ஒரு மாதம் பிடித்தது. அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இருவரும் வேலைக்குப் போகிற, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள, பெரும்பாலும் மனைவியே சமைக்கிற வீட்டுக்கு இது பொருந்தும். எதைச் சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்பதை டாக்டரிடமோ டயட்டீஷியனிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் சொன்னது வீட்டில் நடப்பதற்குக் கூட இருப்பவர் செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

படி 1: கேளுங்கள், பிறகு 3 நாள் எழுதுங்கள்

டாக்டரின் இலக்கு 5 கிலோ. அவளுடைய இலக்கு என்னவென்று நான் கேட்டதே இல்லை. கேட்டபோது, "லால்பாக் பாறையில நிக்காம ஏறணுங்க. சின்னவனோட போனப்ப பாதியில உட்கார்ந்துட்டேன்" என்றாள். 300 கோடி ஆண்டு வயதான அந்தப் பாறை எங்கள் மொட்டை மாடியிலிருந்தே தெரியும். எடையை விட அந்த இலக்கு எங்களுக்குப் பிடித்திருந்தது.

அடுத்து ஒரு நோட்டில் 3 நாள், அவள் எந்த மணிக்கு என்ன செய்கிறாள் என்று எழுதினேன். சாப்பாட்டுக் கணக்கு இல்லை, நேரக் கணக்கு. காலை 5:30 முதல் 8 வரை 10 நிமிடம்கூட இடைவெளி இல்லை. இரவில் எல்லோருக்கும் போட்டுவிட்டு அவள் தட்டில் கை வைத்தது 9:45க்கு. இடையில் பிள்ளைகள் வைத்த அரை தோசை, கால் சப்பாத்தி, டிபன் பாக்ஸில் திரும்பி வந்த எலுமிச்சைச் சாதம் எல்லாம் நின்றபடியே வாய்க்குள் போயிருந்தன. வீணாக்கக் கூடாதே என்பதுதான் காரணம்.

படி 2: அந்த ஒரு மணி நேரத்தை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"நாளையிலிருந்து காலை வேலை என்னுது, நீ நடக்கப் போ" என்று சொல்லிவிட்டேன். முதல் நாள் 6:10க்குக் கிளம்பினாள். 6:20க்கு நான் போன் செய்தேன்: உளுத்தம்பருப்பு எந்த டப்பாவில்? 6:25க்கு: பெரியவளுக்கு எந்த யூனிஃபார்ம்? 6:32க்கு: சட்னி அரைக்கத் தேங்காய் எங்கே? 6:40க்கு வீட்டுக்குள் வந்து நின்றாள், துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நான்கு நாளும் இதேதான். வேலையை நான் செய்தேன், வேலையின் நினைப்பு முழுவதும் அவள் தலையிலேயே இருந்தது. லால்பாக்கில் நடக்கும்போதும் அவள் எங்கள் அடுப்படியில்தான் இருந்தாள்.

சரியானது இப்படி. ஒரு வாரம் அவள் நடக்கப் போக வேண்டாம் என்று பேசி வைத்துக்கொண்டோம். அந்த வாரம் காலையில் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், கேட்டேன், எழுதினேன். எந்தக் கிழமை விளையாட்டு யூனிஃபார்ம், யாருக்குக் காரம் ஆகாது, பாலை எப்போது அடுப்பில் வைத்தால் இட்லி இறக்கும்போது பொங்கும் என்பது வரை. அதை ஒரே தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். அப்புறம் காலை வேலையில் பாதியை முந்தின இரவுக்குத் தள்ளினேன். தேங்காய் துருவி டப்பாவில், காய் நறுக்கி ஈரத்துணியில் சுற்றி, டிபன் பாக்ஸ்கள் மூடி திறந்தபடி மேடையில், யூனிஃபார்ம் நாற்காலியில். இதற்கு இரவில் 25 நிமிடம் ஆகிறது.

கடைசியாக ஒரு விதி: அவள் நடக்கும்போது நான் போன் செய்யக் கூடாது. பிள்ளைக்குக் காய்ச்சல், கேஸ் கசிவு மாதிரி விஷயம் என்றால் மட்டும் விதிவிலக்கு. சட்னி இல்லையா, அன்றைக்கு இட்லிப்பொடி. இந்த விதி வந்த பிறகுதான் அவள் 40 நிமிடம் முழுதாக நடந்தாள். வாரம் 5 நாள் என்றால் 200 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150.

படி 3: எண்ணெயை வாரத்துக்கு ஒருமுறை அளந்து வையுங்கள்

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி உணவுக்கு எண்ணெயும் நெய்யும் சேர்த்து நாளொன்றுக்கு 27 கிராம். 4 பேருக்கு வாரக் கணக்குப் போட்டால் முக்கால் கிலோ. எங்கள் வீட்டில் 5 லிட்டர் கேன் ஒரே மாதத்தில் தீர்ந்துகொண்டிருந்தது.

ஒவ்வொரு கரண்டியையும் அளக்கச் சொன்னால் மூன்றாம் நாளே சலித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை 700 மில்லி எண்ணெயை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அடுப்புப் பக்கம் வையுங்கள், கேனைப் பரண் மேல் ஏற்றிவிடுங்கள். வியாழக்கிழமை பாட்டிலைப் பார்த்தாலே சனிக்கிழமை பூரி உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். அப்பளம் பொரித்த எண்ணெயும் இந்தக் கணக்கில்தான் வரும்.

இன்னொன்று, தாளிப்பு. அகலமான கடாயில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் பரவிப்போய் கடுகு நனையாது, வெடிக்காமல் கருகும். உடனே கை தானாக இன்னும் ஊற்றும். சின்ன இரும்புத் தாளிப்புக் கரண்டியில் அதே ஒரு தேக்கரண்டி குழியில் தேங்கி நிற்கும், கடுகு படபடவென்று பொரியும். அதைப் பொரியல் மேல் கொட்டிக் கிளறினால் போதும். ஏர் ஃப்ரையர் வாங்க நினைப்பவர்கள் முதலில் இந்தக் கரண்டியை வாங்கிப் பாருங்கள். தோசைக்கு நன்றாகப் பழகிய இரும்புக்கல் போதும், நான்ஸ்டிக் தேவைப்படவில்லை.

ராகி பற்றியும் சொல்ல வேண்டும். பெங்களூரில் யாரைக் கேட்டாலும் "முத்தே சாப்பிடுங்க, சுகர் ஏறாது" என்பார்கள். முத்தே என்றால் ராகிக் களி. அரிசியை விட ராகியில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் நிறைய உண்டு, உண்மைதான். ஆனால் அதிலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான். சலித்த மாவில் காய்ச்சிய கஞ்சி சீக்கிரமே சர்க்கரையை ஏற்றும். களி என்றால் ஒரு சின்ன உருண்டை, கூட நிறையக் கீரை மசியலோ பருப்போ என்று வைத்துக்கொண்டோம்.

படி 4: ராத்திரி எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள்

8 மணிக்கு எல்லாப் பாத்திரமும் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடும். யாரும் யாருக்கும் பரிமாறுவதில்லை, அவரவர் போட்டுக்கொள்வார்கள். தோசை என்றால் சுடுவது நான். பிள்ளைகளுக்குத் தோசையைச் சின்னதாக வார்க்கிறேன், வேண்டுமென்றால் இன்னொன்று. தட்டில் மிச்சம் விழுவது நின்றது. விழுந்தாலும் அது என் பொறுப்பு. சாப்பிட்டதும் அவளும் நானும் தெருமுனை வரை 15 நிமிடம் நடக்கிறோம். சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரையை அந்தச் சின்ன நடை குறைக்கும்.

படி 5: மாலை 5:30 சுண்டல்

அவள் அலுவலகத்திலிருந்து டிராஃபிக்கில் மாட்டி 7:30க்கு வருவாள். வரும்போது கொலைப் பசி. மிக்சர் டப்பாவை ஒளித்து வைப்பது அவளை அவமதிப்பது. காலையிலேயே ஒரு டப்பா சுண்டல் கட்டிக் கொடுத்துவிடுகிறேன். கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, கொள்ளு என்று மாற்றி மாற்றி. மார்கழியில் அவரேகாய், அதாவது நம் மொச்சை, தெருவெல்லாம் வந்து குவியும்போது அதுதான். உரித்த மொச்சைக்கு ஒரு விசில் போதும்.

படி 6: அவள் தட்டைப் பற்றிப் பேசாதீர்கள்

ஒருநாள் அவளுடைய அக்கா முன்னால், "காபிக்குச் சர்க்கரையா?" என்று கேட்டுவிட்டேன். அவள் டம்ளரை அப்படியே வைத்துவிட்டாள். அன்றிரவு மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு அவளாகக் கேட்டால்தான் பதில் சொல்கிறேன். எடையும் அப்படித்தான். உப்பும் தண்ணீரும் மட்டுமே ஒரு நாளில் ஒரு கிலோ ஏற்றி இறக்கும். வாரம் ஒரு நாள், காலையில், வெறும் வயிற்றில் பார்த்து அவளே எழுதிக்கொள்வாள். அந்த நோட்டை நான் திறப்பதில்லை.

பின்சேர்க்கை

படித்தவர்கள் கேட்ட இரண்டு விஷயங்களைச் சேர்க்கிறேன்.

மாமியார் வீட்டில் இருந்தால் என்ன செய்வது? என் அம்மா திருநெல்வேலியிலிருந்து 2 மாதம் வந்திருந்தார். "நீ சட்னி அரைக்கிற, அவ வாக்கிங் போறாளா?" என்று கேட்டார். இதற்குப் பதில் சொல்ல வேண்டியது மருமகள் இல்லை, மகன். ரிப்போர்ட்டைக் காட்டி, அப்பாவின் கால் புண் ஆற 7 மாதம் ஆனதை நினைவுபடுத்தினேன். மறுநாள் மாவுக்கு உப்புப் போட்டுக் கரைத்து வைத்திருந்தது அம்மாதான்.

ஏற்கெனவே இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் நடக்கலாமா? டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். கை நடுக்கம், வியர்வை வந்தால் உடனே வாயில் போட, பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

டிசம்பர் பரிசோதனையில் 5.8. டம்பெல்லை இப்போது வாரம் 2 நாள் அவளே எடுக்கிறாள். பொங்கல் அன்று காலை நால்வரும் லால்பாக் போனோம். சின்னவன் முன்னால் ஓடினான். அவள் நிற்காமல் ஏறி, பாறை உச்சியில் இருக்கும் கெம்பேகவுடா கோபுரத்தின் நிழலில் போய் நின்றாள், அங்கிருந்து எனக்குக் கையசைத்தாள். ஜூனில் பள்ளி நேரம் மாறும். ஃப்ரிட்ஜ் தாளை அப்போது மறுபடி எழுத வேண்டும்.