வதிவிட இல்லத்தில் ஊழியர் மேற்பார்வை: கோட்டை விடும் இடங்கள்

வளர்ந்த மாற்றுத்திறனாளிகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லத்தில் விபத்து நடந்தபின் பதிவேட்டைத் திறந்தால், பெரும்பாலும் எல்லாக் கட்டத்திலும் சரி அடையாளம் இருக்கும். அதனால் எழுதியது உண்மையில் நடந்ததா என்று போய்ப் பார்ப்பதே பொறுப்பாளரின் முதல் வேலை.

இரவுக் கையொப்பங்கள் ஒரே சாய்வில், 12.00, 2.00, 4.00 என்று கச்சிதமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். விடியும் நேரத்தில் ஒரே மூச்சில் எழுதியிருக்கலாம். சுற்றிப் பார்த்தவரின் குறிப்பில் 12.10, 1.55 என்றுதான் இருக்கும். இல்லத்தில் தங்கியிருப்பவர் எந்தப் பக்கம் சரிந்து படுத்திருந்தார் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். தானாகத் திரும்ப முடியாதவரை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். காலையில் குதிகாலையும் இடுப்பின் பின்புறத்தையும் நீங்களே பாருங்கள். சிவந்த தோலை விரலால் அழுத்தி எடுக்கும்போது வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது.

முன்கூட்டிச் சொல்லாமல் அதிகாலை 3 மணிக்கும் போங்கள். ஊழியர் நித்திரையில் இருந்தால், ஏசுவதற்கு முன் கடமை அட்டவணையைப் பாருங்கள். பகல் வேலை முடித்தவரையே இரவுக்கும் நிறுத்தியது யார்? மலையகத்திலிருந்து வந்து இல்லத்திலேயே தங்கி வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நடக்கிறது. அந்தக் குற்றம் நிர்வாகத்துடையது.

ஆள் மாறும் நேரம் இன்னொரு ஓட்டை. இரு தரப்பும் 15 நிமிடமாவது சேர்ந்து நின்று, கட்டில் கட்டிலாகப் போய்ப் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். கொழும்பில் ஒருவர் சிங்களத்தில் எழுதியதை அடுத்தவர் வாசிக்க முடியாமல் போவது சாதாரணம். கொப்பியை மட்டும் நம்பாமல் வாயால் சொல்லி, திருப்பிச் சொல்லவும் வையுங்கள். வலிப்பு, மருந்து மாற்றம், விழுங்குவதில் சிரமம் ஆகிய மூன்றும் இரு மொழியிலும் இருக்க வேண்டும். சித்திரைப் புத்தாண்டுக்கும் வெசாக்குக்கும் ஆட்கள் ஊருக்குப் போகும்போது பதிலுக்கு வரும் புதியவரை முதல் இரவே தனியே விடாதீர்கள்.

குளியலறையில் விட்டுக்கொடுக்க இடமில்லை. வலிப்புள்ளவரைக் குளியல் தொட்டியில் ஒரு நிமிடமும் தனியே விடக்கூடாது. துவாய் எடுக்கப் போய்த் திரும்புவதற்குள் மூழ்கிவிடலாம். துவாய், சவர்க்காரம், உடுப்பு எல்லாவற்றையும் உள்ளே வைத்தபிறகே ஆளைக் கூட்டிச் செல்ல வேண்டும். கைத்தொலைபேசி வெளியே இருக்கட்டும். முதலில் பச்சைத்தண்ணீர், பிறகு சுடுதண்ணீர் விட்டு, கலக்கி வெப்பமானியால் பாருங்கள்: 44 பாகை செல்சியசைத் தாண்டக்கூடாது. 60 பாகைத் தண்ணீர் சில வினாடிகளிலேயே தோலை வேகவைத்துவிடும். உணர்வு குன்றிய காலுள்ளவருக்குச் சூடு தெரியாது; பேச்சு வராதவரால் சொல்லவும் முடியாது.

சாப்பாட்டில் பாணும் அவித்த முட்டையும் தொண்டையில் அடைக்கக்கூடியவை. நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டி, பிறகும் 30 நிமிடம் படுக்க விடாதீர்கள். அடைத்து இருமவும் முடியாவிட்டால் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு, பிறகு மேல் வயிற்றில் ஐந்து அழுத்தம், மாறி மாறி. மற்றவர் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்கு எடுக்க வேண்டும். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலும் அதே இலக்கம்தான்.

கிளினிக்கில் காகித உறையில் வரும் குளிசைகளைப் போத்தலுக்கு மாற்றக்கூடாது. பெயரும் அளவும் உறையில்தான் இருக்கின்றன. கொடுப்பவர் ஆளின் முகத்தையும் உறையையும் கிளினிக் கொப்பியையும் ஒப்பிட்டு, விழுங்கியதைப் பார்த்தபின்பே கையெழுத்திட வேண்டும். மெதுவாகக் கரையும் வகைக் குளிசைகளை இடித்துக் கொடுத்தால் முழு அளவும் ஒரேயடியாக உடம்பில் சேரும்.

காரணம் தெரியாத கண்டலைக் கண்டால் இடம், அளவு, நிறம், நேரம் ஆகியவற்றை உடல் வரைபடத்தில் குறித்து, அன்றே வைத்தியரிடம் காட்டி, குடும்பத்துக்கும் சொல்லுங்கள். கட்டிவைப்பதும் அறையில் பூட்டுவதும் ஆள் பற்றாக்குறைக்கு மருந்தல்ல. இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சாசனத்தின் 16ஆம் உறுப்புரை வன்முறையிலிருந்தும் துஷ்பிரயோகத்திலிருந்தும் பாதுகாப்பைக் கோருகிறது. யாராவது அடித்ததாகத் தெரிந்தால் அவரை அன்றே பராமரிப்பு வேலையிலிருந்து விலக்கி, பொலிசுக்கு, 119க்கு, அறிவியுங்கள். முறையிட்ட ஊழியரை, அடித்ததாகச் சொல்லப்பட்டவரின் கையின் கீழ் மறுபடியும் வேலைக்குப் போடாதீர்கள்.