இருட்டு மேடையில் பேஸ் கிட்டார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கம் கோயில் பொங்கலுக்குப் போடுகிற பாட்டுக் கச்சேரிகளில் வெளிச்சம் எல்லாம் பாடுகிறவருக்கும் ஆடுகிறவருக்கும்தான். முன்னால் கண் கூசும். பின்னால் ட்ரம்ஸை ஒட்டி நிற்கிற பேஸ்காரருக்குத் தன் இடது கையே சரியாகத் தெரியாது. மெலடி பாட்டு வந்துவிட்டால் லைட்காரர் இருக்கிறதையும் குறைத்து நீலத்தைப் போடுவார், கூடவே புகையையும் விடுவார், ஸ்வரம் பிசகுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். "கை இன்னும் பழகல" என்று அதற்குக் காரணம் சொல்லிக்கொள்கிறோம். கை பழகித்தான் இருக்கும். ஆனால் அது வீட்டில் டியூப்லைட் வெளிச்சத்தில், உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு ஃப்ரெட்டையும் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கண்ணால் பார்த்துப் பார்த்துப் பழகியது. மேடையில் அந்தக் கண்ணைப் பிடுங்கிவிட்டால் கை எங்கே போகும்?

மற்ற வாத்தியத்தில் ஒரு விரல் தப்பினால் கூட்டத்தில் கரைந்துவிடும். பேஸ் அரை ஸ்வரம் தள்ளி விழுந்தால் மேலே கீபோர்டு வாசிக்கிற கார்டே (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டம்) வேறு கார்டாகக் கேட்கும், பாடுகிறவருக்குச் சுருதி ஆடிப்போகும். அதுவும் நம்ம ஊரில். இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் அந்தக் காலத்தில் மதுரை மாவட்டத்தோடு இருந்த ஊர். அவர் பாட்டுகளில் பேஸ் தனியாக ஒரு மெட்டுப் போல ஓடுவதை வாயால் பாடிக் காட்டுகிற ஆட்கள் இங்கே தரையில் உட்கார்ந்து கேட்கிறார்கள். இருட்டாக இருக்கிறதே, மூல ஸ்வரத்தை மட்டும் தட்டி ஓட்டிவிடலாம் என்பது அவர்களிடம் செல்லாது.

முதல் தவறு, தெரியாததைப் பார்க்க முயல்வது. கழுத்தின் முன்பக்கத்துப் புள்ளிகளைப் பார்க்க வேண்டுமென்று கிட்டாரை மேல்நோக்கிச் சாய்ப்பார்கள். சாய்த்ததும் இடது மணிக்கட்டு மடங்கும், விரல் நீட்ட முடியாது, பயத்தில் கம்பியைத் தேவைக்கு மேல் அழுத்துவார்கள், நாலாவது பாட்டிலேயே கை கடுக்கும். பார்த்தே ஆக வேண்டுமென்றால் மேல்விளிம்பில் இருக்கிற பக்கப் புள்ளிகள்தான் நமக்கானவை: 3, 5, 7, 9, அப்புறம் 12-இல் இரட்டைப் புள்ளி. ஆனால் பார் லைட் (மேடையின் குவி விளக்கு) முன்னாலிருந்து அடிக்கும்போது அந்த விளிம்பும் நிழலில்தான் இருக்கும். அதற்கு இருட்டில் ஒளிரும் சிறிய ஸ்டிக்கரை அந்தப் புள்ளிகள் மேல் ஒட்டுகிறார்கள், நல்ல வழிதான். எல்லா ஃப்ரெட்டிலும் ஒட்டாதீர்கள், எது ஐந்து எது ஏழு என்று தெரியாமல் போகும். மேடை ஏறுமுன் செல்போன் டார்ச்சை அதன் மேல் நன்றாகக் காட்டி ஒளி ஏற்றிக்கொள்ளுங்கள். மேடையின் சிவப்பு வெளிச்சத்தில் அது ஏறவே ஏறாது.

ஸ்டிக்கர் ஒட்டிவிட்டதால் மட்டும் வேலை முடியவில்லை. பேஸ் கழுத்தில் தூரங்கள் ஒரே மாதிரி இல்லை. ஒலிக்கிற கம்பி நீளம் 34 அங்குலமான வழக்கமான பேஸில் நட்டிலிருந்து (தலைப்பக்கம் கம்பியைத் தாங்குகிற துண்டு) முதல் ஃப்ரெட் கிட்டத்தட்ட 4.8 சென்டிமீட்டர், 12-ஐத் தாண்டி 13-க்குப் போக அதில் பாதி, 2.4 சென்டிமீட்டர். கீழே பழகின தாவலை அப்படியே மேலே செய்தால் விரல் தாண்டி விழும். இதைக் கைக்குச் சொல்லித்தர ஒரே வழிதான் இருக்கிறது: வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, ஸ்ட்ராப் போட்டு நின்றுகொண்டு, மிக மெதுவாக வாசிக்க வேண்டும். கட்டைவிரல் கழுத்தின் பின்னால் எங்கே நிற்கிறது, கழுத்து உடம்போடு சேருகிற முட்டு உள்ளங்கையில் எப்போது படுகிறது, இவைதான் இருட்டில் அடையாளம். ஸ்ட்ராப் உயரமும் இதில் சேர்த்தி. உட்கார்ந்து வாசிக்கும்போது கிட்டார் எங்கே இருக்கிறதோ நிற்கும்போதும் அங்கேயே இருக்கட்டும். பார்க்க நன்றாக இருக்கிறதென்று தொடை வரைக்கும் தொங்கவிட்டால் கை பழகின தூரம் அத்தனையும் மாறிவிடும்.

செல்போனில் கார்டு பார்த்து வாசிப்பது இப்போது எல்லா ஆர்கெஸ்ட்ராவிலும் உண்டு, நான் அதைக் குறை சொல்லமாட்டேன், ஒரே ராத்திரியில் அத்தனை பாட்டை யார் மனப்பாடம் செய்வார்கள். ஆனால் வெள்ளைத் திரையை முழு வெளிச்சத்தில் வைக்காதீர்கள். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், பளிச்சென்ற திரையை ஒரு முறை பார்த்தால் அந்தப் பழக்கம் சட்டென்று போய்விடும். கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து, வெளிச்சம் ஆகக் குறைவு. முடிந்தால் தாளில் மார்க்கரால் பெரிதாக எழுதி மானிட்டர் பெட்டி மேல் ஒட்டிவிடுங்கள், அதற்கு சார்ஜும் வேண்டாம்.

அடுத்தது கட்டை மாற்றம், அதாவது பாட்டின் சுருதியை ஏற்றுவது, இறக்குவது. பாட்டு தொடங்கப் போகிற நேரத்தில் பாடகி திரும்பி, "அண்ணே, அரைக் கட்டை இறக்கிக்கங்க" என்பார். கீபோர்டுக்காரர் ட்ரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கிவிட்டுப் பழைய இடத்திலேயே வாசிப்பார். நமக்கு அந்தப் பட்டன் கிடையாது. மூன்று கட்டையில், அதாவது E சுருதியில் இருந்த பாட்டில் திறந்த (விரல் வைக்காத) E கம்பியைத் தட்டி நிம்மதியாக நின்றிருப்போம். இரண்டரைக்கு இறங்கியதும் அந்த ஸ்வரம் நாலு கம்பி பேஸில் கீழே கிடையவே கிடையாது, A கம்பியில் ஆறாவது ஃப்ரெட்டுக்குப் போக வேண்டும். கையின் நிலை மொத்தமும் மாறுகிறது, அதுவும் இருட்டில். திறந்த கம்பி இருட்டில் பெரிய உதவி, அது ஒலிக்கிற நேரத்தில் கை அடுத்த இடத்துக்கு நகர்ந்துகொள்ளலாம். ஆனால் அதையே நம்பிப் பாட்டைப் பழகினால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். அதனால் ஒவ்வொரு பாட்டையும் திறந்த கம்பியோடு ஒரு முறை, திறந்த கம்பி தொடாமல் ஒரு முறை என இரண்டு விதமாகவும் வீட்டில் வாசித்து வையுங்கள். தொகுப்பாளர் பேசும்போது மேடை விளக்கு கொஞ்சம் ஏறுமே, அந்த நேரத்தில் அடுத்த பாட்டின் முதல் ஸ்வரத்தில் விரலை வைத்து, வால்யூமைக் குறைத்து லேசாகத் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். பலர் அப்போது தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறார்கள்.

சரி, இரைச்சல். விளக்கு மங்கும்போது பேஸிலிருந்து "ர்ர்ர்" என்று ஒரு சத்தம் கூடுகிறதா? உடனே கேபிளைச் சந்தேகப்பட்டு மாற்றுவார்கள், மைக் செட்காரரோடு வாக்குவாதம் செய்வார்கள். பழைய பல்பு வைத்த பார் லைட்டுகளை மங்கச் செய்கிற டிம்மர், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒவ்வொரு அரை அலையையும் நடுவில் வெட்டுகிறது, அதாவது நொடிக்கு நூறு வெட்டு. அந்த வெட்டின் சத்தத்தைத்தான் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்குகிற பகுதி) வாங்கிக்கொள்கிறது. விளக்கு முழுதாக எரியும்போதோ அணைந்திருக்கும்போதோ அது குறைவு, பாதி வெளிச்சத்தில்தான் அதிகம், ஏனென்றால் அப்போது வெட்டு அலையின் உச்சியில் விழுகிறது. நூறு ஹெர்ட்ஸ் நம்முடைய திறந்த G கம்பிக்கு (98 ஹெர்ட்ஸ்) ஒட்டியே இருப்பதால் காதில் உறுத்தும். ஆம்புக்கான மின்சாரத்தை விளக்கு லைனிலிருந்து எடுக்காதீர்கள், விளக்கு வயரும் உங்கள் கேபிளும் பக்கம் பக்கமாக ஓடாமல் குறுக்காகக் கடக்கட்டும், நிற்கிற திசையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். ஜாஸ் பேஸ் வகை என்றால் இரண்டு பிக்கப் வால்யூமையும் ஒரே அளவில் முழுதாக வைத்தால் ஹம், அதாவது இந்த இரைச்சல், ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். 1957-லிருந்து வருகிற இரண்டு துண்டுப் பிக்கப் வைத்த பிரிசிஷன் வகைக்கு இந்தத் தொல்லை இயல்பாகவே குறைவு.

இந்த ஹம்முக்குப் பயந்து செய்கிற ஒரு காரியத்தை மட்டும் கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், செய்யாதீர்கள்: பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது. கிராமத்து மேடையில் ஆம்ப் ஜெனரேட்டரிலிருந்தும் மிக்ஸர் ஈபி லைனிலிருந்தும் ஓடுவது சாதாரணம். எர்த் ஒழுங்காக இல்லாவிட்டால் கிட்டார் கம்பிக்கும் மைக்குக்கும் நடுவில் மின்னழுத்தம் நிற்கும், கம்பியில் கை இருக்கும்போது கோரஸ் பாட உதட்டை மைக்கில் வைத்தால் ஷாக் அடிக்கும், உயிரே போகலாம். இருட்டில் ஏதாவது பொறி பறந்தாலும் எங்கே என்று யாருக்கும் உடனே புரியாது. மேடை ஏறியதும் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு முனை கம்பியில், மறு முனை மைக் வலையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் சரி. இல்லையென்றால் எலக்ட்ரீஷியன் சரிசெய்யும் வரை வாசிக்க வேண்டாம், விழாக் கமிட்டி எவ்வளவு அவசரப்படுத்தினாலும். ஹம்மைக் குறைக்க டி.ஐ. பாக்ஸில் (பேஸை மிக்ஸரோடு இணைக்கிற பெட்டி) சிக்னல் கேபிளின் கிரவுண்டை மட்டும் விலக்குகிற கிரவுண்டு லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறது, அது அதற்கென்றே வைத்தது.

நிற்கிற இடம் பற்றி ஒன்று. ட்ரம்மரின் ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கிற ஜோடித் தட்டு) பக்கம் நில்லுங்கள். இருட்டிலும் ஹை-ஹாட்டின் பளபளப்பும் கை அசைவும் தெரியும், பாட்டு முடிகிற இடம் அதிலேயே புரிந்துவிடும். புகை மெஷினின் வாய்க்கு நேராக மட்டும் வேண்டாம், அதன் ஈரம் கம்பியிலும் பலகையிலும் படியும். கேபிளை ஸ்ட்ராப்புக்குள் ஒரு சுற்று விட்டுச் செருகினால் யாராவது மிதித்தாலும் ஜாக் பிடுங்கிக்கொண்டு வராது.

சுருதி சேர்க்கிறதை வேனிலிருந்து இறங்கியதும் செய்யாதீர்கள், மேடையில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுச் செய்யுங்கள். மதுரைச் சூட்டில், விளக்குக்குக் கீழே கம்பி நீண்டு சுருதி இறங்கும். கிட்டாரின் தலையில் மாட்டுகிற ட்யூனர் தாழ்ந்த E-ஐப் பிடிக்கத் திணறினால் 12-ஆவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்ஸ் (கம்பியை அழுத்தாமல் விரலால் லேசாகத் தொட்டு) தட்டிச் சேருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் தப்பு ஸ்வரம் விழலாம். விழுந்ததும் நிறுத்துவதுதான் பெரிய தவறு, அடியில் ஓட்டை விழுந்தது எல்லோருக்கும் கேட்டுவிடும். பாட்டின் ஏழு ஸ்வர வரிசையில் இல்லாத எதைத் தொட்டிருந்தாலும் சரியான ஸ்வரம் ஒரு ஃப்ரெட் மேலேயோ கீழேயோ இருக்கும். விரலை எடுக்காமல் அப்படியே சறுக்கிப் போய்ச் சேருங்கள், கேட்பவருக்கு அது கமகம் மாதிரிதான் போகும்.

கச்சேரி முடிந்து அவசரமாக மூட்டை கட்டும்போது ஆம்பை அணைக்காமல் ஜாக்கைப் பிடுங்குவார்கள், ஸ்பீக்கர் பட்டென்று அதிரும். முதலில் வால்யூமை இறக்கி ஆம்பை அணையுங்கள். ஆக்டிவ் பேஸ் என்றால் ஜாக்கைக் கிட்டாரிலேயே விட்டுப் பையில் போடாதீர்கள், ஜாக் செருகியிருக்கிற வரை உள்ளே இருக்கிற 9 வோல்ட் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும், அடுத்த ஊரில் பாதிப் பாட்டில் சத்தம் நொறுங்க ஆரம்பிக்கும். வியர்வைக் கம்பியை ஒரு துணியால் துடைத்துவிட்டுப் பையை மூடுங்கள்.