இரட்டைக் குழல் துப்பாக்கியில் தோட்டா மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆளை நோக்கிக் குழலைத் திருப்பக் கூடாது, சுடும்வரை விசையில் விரல் வைக்கக் கூடாது என்பதெல்லாம் லைசென்ஸ் வாங்கியவருக்குத் தெரியும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் தாத்தா காலத்து 12 போர் (குழல் அளவு; எண் கூடினால் குழல் சிறியது) துப்பாக்கி வாரிசு லைசென்சில் கைக்கு வந்து, வேகமாகத் தோட்டா மாற்றப் பழகுகிறவர்கள் விடாமல் செய்கிற தவறுகள் வேறு.

பைக்குள் 20 போர்

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தருவது இதுதான். பெட்டகத்தில் கிடந்த தோல் பையை அப்படியே மாட்டிக்கொண்டு வருவார்கள். அந்த வீட்டில் ஒரு காலத்தில் 20 போரும் இருந்திருக்கும். இரண்டு தோட்டாவும் ஒரே பையில் கலந்து கிடக்கும். குனிந்து பார்க்காமல் எடுப்பதுதான் வேகம் என்று யாரோ சொல்லி வேறு வைத்திருப்பார்கள்.

12 போர் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ. தோட்டா உட்காரும் அறையின் வாய் 20 மி.மீ.க்குச் சற்று மேல். 20 போர் தோட்டாவின் அடி விளிம்போ சுமார் 19.4 மி.மீ. அதனால் அது வாயில் நிற்காமல் வழுக்கி உள்ளே போய், குழல் குறுகும் இடத்தில் சிக்கும். விசையை இழுத்தால் ‘டிக்’. திறந்தால் அறை காலியாகத் தெரியும். போட மறந்துவிட்டோம் என்று 12 போர் தோட்டாவைப் போடுவார். அதுவும் சமத்தாக உட்காரும். அடுத்து சுடும்போது, வெடித்த வேகம் போக வழியில்லாமல் குழல் கிழியும். கிழிவது பெரும்பாலும் இடது கை பிடித்திருக்கும் இடத்தில்தான். விரல் போனால் போனதுதான்.

பையைக் கவிழ்த்துக் கொட்டி, ஒவ்வொரு தோட்டாவின் அடியிலும் உள்ள எண்ணைப் படித்துப் பிரியுங்கள். இப்போது பல கம்பெனிகள் 20 போரை மஞ்சள் உறையில் செய்வது இந்தக் குழப்பத்துக்காகவே. பழைய சரக்கில் நிறத்தை நம்பாதீர்கள். ‘டிக்’ கேட்டால் குழலை அதே திசையில் 30 விநாடி பிடித்திருங்கள், சில தோட்டா தாமதித்து வெடிக்கும். பிறகு திறந்து, இரண்டு குழலையும் காலி செய்து, அடிப்பக்கத்திலிருந்து வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் குச்சி விட்டுக் குத்தாமல் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

உதறி மூடுவது

மடித்துத் திறந்த குழலை ஒரு கையால் உதறி மூடுவது சினிமா பழக்கம். கீலும் பூட்டும் தேய்ந்து குழல் ஆட ஆரம்பிக்கும். குழலைத் தரை நோக்கி வைத்து, தோளில் வைக்கும் கட்டையை மேலே தூக்கி மூடுங்கள்.

தோட்டாவைக் கையில் அள்ளுவது

அள்ளாமல் இப்படிப் பிடியுங்கள்: ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே ஒன்று, நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே ஒன்று. பித்தளை அடி உள்ளங்கைப் பக்கம். குழல்கள் பக்கம் பக்கமாக உள்ள துப்பாக்கியில் இரண்டும் ஒரே தள்ளில் இறங்கும். ஸ்நாப் கேப் (மருந்தில்லாப் பயிற்சித் தோட்டா) இரண்டு வைத்து, ஒரு தடவைக்குப் பத்து முறை, மெதுவாக. தடுமாற்றம் நின்ற பிறகு வேகம் கூட்டலாம்.

வீட்டு வளவில் நிஜத் தோட்டா வைத்துப் பழகுவது

கூடவே கூடாது. வேறு அறையில் பூட்டி வைத்துவிட்டுப் பழகுங்கள்.

ஐப்பசி ஈரம்

காகித உறைத் தோட்டா ஊதிப்போய் அறையில் பாதியோடு நிற்கும். கட்டைவிரலால் அழுத்தித் திணிப்பவர், சுட்ட பிறகு அதை வெளியே எடுக்கப் படும் பாடு தனி. பெருத்ததை ஒதுக்கிவிடுங்கள்.

தானே பூட்டும் சேப்டி

பழைய இரட்டைக் குழல் பலவற்றில், திறந்தாலே சேப்டி (விசையைத் தடுக்கும் பூட்டு) தானாகப் பின்னுக்கு வந்து பூட்டிக்கொள்ளும். இரண்டு விநாடியில் தோட்டா மாற்றி, இலக்குத் தட்டை நோக்கி விசையை இழுத்து, ஒன்றும் நடக்காமல் தோட்டாக் கடைக்காரரைத் திட்டுவார்கள். குறி பார்க்கத் துப்பாக்கியைத் தோளில் வைத்த பின், கட்டைவிரலால் அதை முன்னுக்குத் தள்ளுவதையும் பயிற்சியிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.