பெரியாஸ்பத்திரிக்குத் தீபாவளி வசூல்: எங்கே தவறுகிறோம்?

ஆயுத பூஜை முடிந்ததும் கடைத்தெருவில் ரசீதுப் புத்தகங்கள் இறங்கிவிடும். கோயில், சங்கம், கட்சி என்று வருகிறவர்களைப் பார்த்தாலே முகம் சுளிக்கும் கடைக்காரர்கூட "ஆஸ்பத்திரிக்கா? சரி, எழுதிக்குங்க" என்பார். அந்த நம்பிக்கையைக் கெடுப்பது பெரும்பாலும் திருட்டு அல்ல, அவசரம்.

மருத்துவமனையைக் கேட்காமல் நாமே முடிவு கட்டுவதுதான் பெரிய தவறு. எங்கள் குழுவும் ஒரு வருடம் அதைச் செய்தது. பத்து சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்து, மாலை போட்டு, படமும் எடுத்துக்கொண்டோம். பொங்கலுக்குப் போய்ப் பார்த்தால் ஆறு நாற்காலி பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு ஸ்டோர் ரூமில் கிடக்கிறது. "நாற்காலி இருக்கு சார், ஸ்ட்ரெச்சர் சக்கரம்தான் உருள மாட்டேங்குது" என்றார் வார்டு நர்ஸ்.

பெரிய இயந்திரம் என்றால் இன்னும் ஆபத்து. டயாலிசிஸ் மெஷின் என்று சொன்னால் பணம் நன்றாகச் சேரும். ஆனால் ஒரு நோயாளிக்கு நான்கு மணி நேரம் ஓட்டவே சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த நீர் வேண்டும். ஆர்.ஓ. பிளான்ட், டெக்னீஷியன், ஜெனரேட்டர், பராமரிப்பு ஒப்பந்தம் இவற்றுக்கெல்லாம் வழி இல்லாவிட்டால் அது துணி போர்த்திய பெட்டிதான். கண்காணிப்பாளரையோ நிலைய மருத்துவ அலுவலரையோ பார்த்து, தேவைப் பட்டியலை எழுத்தில் வாங்கிய பிறகே நோட்டீஸ் அடியுங்கள். கட்டட வேலை என்றால் முதலில் கலெக்டர் அலுவலகத்தில் விசாரியுங்கள். 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு திரட்டினால் மீதியை அரசு போடும். முழுப் பணத்தையும் நாமே செலவழித்துவிட்டுப் பிறகு போய் நின்று பயனில்லை.

அடுத்தது குலுக்கல். நூறு ரூபாய் கூப்பன், முதல் பரிசு ஸ்கூட்டர் என்று யாராவது ஒருவர் கட்டாயம் யோசனை சொல்வார். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. நல்ல காரியம் என்ற பேச்சு ஸ்டேஷனில் எடுபடாது. அதற்குப் பதிலாக இனிப்பு, காரம் செய்து விற்கலாம். ஆனால் அதற்கும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். ஏற்கெனவே பதிவுள்ள சமையல்காரரைப் பிடித்துக்கொள்வதே சுலபம்.

பணம் யார் கையில்? பொருளாளரின் சொந்த ஜிபே நம்பரை நோட்டீஸில் போடாதீர்கள். அவர் வீட்டு மளிகைக் கணக்கும் ஆஸ்பத்திரிக் கணக்கும் ஒன்றாகக் கலந்தால், பிரம்மனாலும் பிரிக்க முடியாது. இருவர் கையெழுத்தோடு தனி வங்கிக் கணக்கு, வரிசை எண்ணிட்ட ரசீது இரண்டும் வேண்டும். "80ஜி உண்டு", அதாவது நன்கொடைக்கு வருமான வரி விலக்கு உண்டு என்று வாய்க்கு வந்தபடி சொல்வதும் வேண்டாம். அந்தப் பதிவு பெற்ற அறக்கட்டளைக்குத் தந்தால்தான் விலக்கு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலோ, பொருளாகக் கொடுத்தாலோ கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவருக்கு அறவே இல்லை.

வெளிநாட்டுப் பிள்ளைகள் விஷயத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், அவர் நம் குழுவுக்கு அனுப்பும் ஐயாயிரமும் வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி அனுமதி பெறாத குழு அதைத் தொடக்கூடாது.

நோயாளியின் முகத்தைப் போட்டு நோட்டீஸ் அடிப்பதும் கூடாது. படுக்கையில் கிடப்பவர் கேமராவைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லத் தயங்குவார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நியாயமே இல்லை.

மறு வருடம் எங்கள் வசூல் பாதியாகக் குறைந்தது. கேட்டுத் தெரிந்துகொண்டு ஸ்ட்ரெச்சர் சக்கரங்களை மாற்றினோம், மிச்சத்தைப் பழுதுபார்க்கவென்று ஒதுக்கினோம், கணக்கை அச்சடித்துக் கடைத்தெருவில் ஒட்டினோம். பேனரில் போடத்தான் உருப்படியாக ஒரு படம்கூடத் தேறவில்லை.